மேடைக்கு முன்னும் மேடைக்குப் பின்னும்: இரவுக் கலைஞர்களின் தியானம் குறித்து

1. விடுபட்ட ஒரு தேதி

1960 ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரின் இந்திரா கிளப்பில் பீட்டில்ஸ் குழுவினர் வாசிக்கத் தொடங்கினார்கள். வார நாட்களில் இரவுக்கு நாலரை மணி நேரமும் சனி, ஞாயிறுகளில் ஆறு மணி நேரமும் அவர்கள் மேடையில் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஹாம்பர்க் காலத்தில் கண் அயராமல் இருக்க அவர்களுக்குக் கைகொடுத்தது பிரெலூடின் மாத்திரை. பசியைக் குறைக்கும் மருந்தாக விற்கப்பட்ட அது, தூக்கத்தையும் விரட்டியது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1967 ஆகஸ்டின் கடைசி வாரத்தில், அதே குழுவினர் வேல்ஸிலுள்ள பாங்கர் நகரில் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பயிலப் போயிருந்தார்கள். அப்போது அவர்களுடைய மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் லண்டனில் தூக்க மருந்தை அளவு மீறி உட்கொண்டதால் இறந்துபோனார். அவருக்கு வயது 32.

மாத்திரையிலிருந்து தியானத்துக்கு என்று இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. நோய் மேற்கில், மருந்து கிழக்கில் என்பதால் நம் வாசகர்களுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் பெருமிதமும் உண்டு. ஆனால் இப்படிச் சொல்லும்போது நடுவில் ஒரு தேதி விடுபட்டுப்போகிறது. கட்டணம் செலுத்திய ரசிகர்கள் முன் பீட்டில்ஸ் கடைசியாக வாசித்தது 1966 ஆகஸ்ட் 29 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில். மகரிஷியை அவர்கள் சந்தித்தபோது மேடையை விட்டு ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. ரிஷிகேஷுக்குப் போனது அதற்கும் பின்னால், 1968 பிப்ரவரியில். இரவு மேடையில் உழன்றுகொண்டிருந்தவர்களைத் தியானம் தாங்கியது என்பதற்கு இவர்கள் சான்றாக மாட்டார்கள். இரவு மேடையைக் கைவிட்ட பிறகே தியானம் அவர்களிடம் வந்தது.

இரவில் பாடியும் வாசித்தும் பிழைக்கும் கலைஞருக்குத் தியானம் உதவுகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படுகிறது. உதவி எதற்கு? மேடைப் பதற்றத்துக்கா, போதைப் பழக்கத்துக்கா, கெட்டுப்போன தூக்கத்துக்கா? மூன்றும் ஒரே மனிதரிடம் இருக்கலாம். ஆனாலும் அவற்றின் காரணங்கள் வேறு, கிடைக்கும் சான்றுகளும் வேறு. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இரவு என்னும் பணியிடம்

மருத்துவமனைச் செவிலியரும் ஆலைத் தொழிலாளியும்கூட இரவில் வேலை செய்கிறார்கள். கிளப்பில் வாசிப்பவருக்கும் டிஜேவுக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு, வேலை முடியும் நேரத்தில் உடல் இருக்கும் நிலை. ஆலைத் தொழிலாளி ஓய்ந்துபோய் வெளியே வருகிறார். கலைஞரோ நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, கைதட்டலுக்கு நடுவே, விழிப்பின் உச்சத்தில் மேடையை விட்டு இறங்குகிறார். படபடப்பு அடங்கவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் பசி வந்துவிடும், நண்பர்கள் வந்துவிடுவார்கள். பணியிடமே மது விற்கும் இடம். பல இடங்களில் கலைஞருக்குக் கிடைப்பதில் ஒரு பங்கு மதுவாகவே வருகிறது.

உடற்கடிகாரத்தை முதன்மையாக இயக்குவது வெளிச்சம். இரவில் கண்ணில் விழும் பிரகாசமான ஒளி, மெலட்டோனின் சுரப்பைத் தடுத்து, தூக்க வேளையைத் தள்ளிப்போடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் 'புற்றுநோயை விளைவிக்கக்கூடும்' என்ற பிரிவில் 2007இல் சேர்த்தது. 2019இல் மறுஆய்வு செய்தபோதும் அங்கேயே வைத்தது. செவிலியர், தொழிலாளர் ஆகியோரைப் பற்றிய ஆய்வுகளைக் கொண்டு எடுக்கப்பட்ட முடிவு அது. கலைஞரின் உடல் மட்டும் வேறு விதிப்படி இயங்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

மனநலத்தைப் பொறுத்தவரை, பிரிட்டனில் சாலி கிராஸ், ஜார்ஜ் மஸ்கிரேவ் இருவரும் நடத்திய கணக்கெடுப்பு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 2016இல் வெளியான அதில் இசைத்துறையினர் 2,211 பேர் பதிலளித்தார்கள். கடும் பதற்றமோ பீதித் தாக்குதலோ கண்டதாக 71 சதவீதத்தினரும், மனச்சோர்வு கண்டதாக ஏறத்தாழ 69 சதவீதத்தினரும் கூறினர். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது. துன்பப்படுபவரே இத்தகைய படிவத்தை நிரப்ப ஆர்வம் காட்டியிருப்பார் என்பதால் இந்த எண்களை அப்படியே முழு இசை உலகத்துக்கும் பொருத்தக் கூடாது. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும்கூட அவை சிறிய எண்கள் இல்லை.

3. பதற்றம்: ஆய்வகத்தின் சாட்சியம்

தியானத்துக்குச் சாதகமான வலுவான சான்று இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. முதலில் மாற்று வழி எதுவென்று பார்க்கலாம். 1987இல் அமெரிக்க இசைக்குழுக்களின் கலைஞர்கள் 2,212 பேரிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 27 சதவீதத்தினர் பீட்டா பிளாக்கர் வகை மருந்தைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் மருந்து அது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவர் சீட்டு இல்லாமல், சக கலைஞரிடம் வாங்கி, அவ்வப்போது விழுங்கியவர்கள்.

தியானம் இதே வேலையைச் செய்யுமா? 2008இல் பீட்டர் லின், ஜோவான் சாங், வான்ஸ் ஜெமன், எலிசபெத் மிட்லார்ஸ்கி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு சிறியது, ஆனால் என் பார்வையில் இத்துறையிலேயே மிகச் சுவையானது. இசைக் கல்லூரிகளைச் சேர்ந்த 19 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் சான் மரபுத் தியானம் கற்பித்தார்கள். சீனத்தில் சான், ஜப்பானில் ஜென். இறுதியில் எல்லோரும் பொதுமக்கள் முன் வாசித்தார்கள். தியானம் வாசிப்பின் தரத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்தவில்லை. ஆனால் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. தியானம் பழகாதவர்களிடம் பதற்றம் கூடக்கூட வாசிப்பின் தரம் சரிந்தது. பழகியவர்களிடம் பதற்றம் கூடக்கூடத் தரம் ஏறியது.

பீட்டா பிளாக்கர் பதற்றத்தின் உடற்குறிகளை அடக்குகிறது. சான் தியானம் பதற்றத்தை அப்படியே விட்டுவிட்டு, அதை வாசிப்பவரின் கவனத்துக்கு எரிபொருளாக்குகிறது என்று இம்முடிவைப் படிக்கலாம். ஆய்வாளர்களும் ஏறத்தாழ அப்படித்தான் விளக்குகிறார்கள். மேடையில் நின்று பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. துளியும் பதற்றமில்லாத கச்சேரி பெரும்பாலும் சப்பென்று போய்விடும். 19 பேரை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாதுதான். இருந்தாலும் 'தியானம் மனதை அமைதிப்படுத்தும், அதனால் நன்றாக வாசிக்கலாம்' என்ற எளிய சூத்திரத்தை இந்த ஆய்வு அசைத்துவிடுகிறது.

சத் பீர் கால்சா குழுவினரின் 2009 ஆய்வு சற்றுப் பெரியது. இளம் தொழில்முறை இசைக்கலைஞர்கள் மூன்று பிரிவுகளாக, பிரிவுக்கு 15 பேராகப் பங்கேற்றார்கள். யோகமும் தியானமும் இரண்டு மாதம் பழகிய இரு பிரிவினரிடமும் பொதுவான பதற்றம், மனச்சோர்வு, கோபம் ஆகியவை தெளிவாகக் குறைந்தன. மேடைப் பதற்றம் குறையும் போக்கில் இருந்தது. வாசிப்பால் வரும் தசை, எலும்பு வலிகளில் மாற்றமில்லை. தூக்கத்திலும் மாற்றமில்லை. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இசையுலகுக்கு வெளியிலும் நிலைமை இதைப் போன்றதே. 47 பரிசோதனைகளை, அதாவது 3,515 பங்கேற்பாளர்களைத் தொகுத்து ஆராய்ந்த மாதவ் கோயல் குழுவினர் 2014இல் தந்த முடிவு நிதானமானது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைத் தியானம் ஓரளவு குறைக்கிறது, அதற்கு நடுத்தரமான சான்று உண்டு. தூக்கம், போதைப் பயன்பாடு போன்றவற்றில் பலனில்லை அல்லது சான்று போதவில்லை. உடற்பயிற்சி, மருந்து, பிற உளவியல் சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்கும் சான்றில்லை.

4. போதை: நான்கு வாழ்க்கைகளின் மறுவாசிப்பு

போதையைப் பற்றிய பேச்சில் ஆய்வு எண்களைவிட வாழ்க்கைக் கதைகளே அதிகம் புழங்குகின்றன. அவற்றையும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம், முழுதாகப் படித்தால்.

ஜாஸ் சாக்சஃபோன் கலைஞர் ஜான் கால்ட்ரேன் 1957 வசந்தத்தில் ஹெராயின் பழக்கத்தால் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். பிலடெல்பியாவில் தாயின் வீட்டில் அடைந்து கிடந்து ஹெராயினையும் மதுவையும் விட்டார். அந்த ஆண்டு தனக்கு ஆன்மிக விழிப்பு வாய்த்ததாக 'எ லவ் சுப்ரீம்' இசைத்தட்டின் உறையில் அவரே எழுதினார். அது பதிவானது 1964 டிசம்பரில். போதையை விட்ட சில வாரங்களிலேயே, ஜூலையில், அவர் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் தெலோனியஸ் மங்குடன் வாசிக்கப் போய்விட்டார். ஆண்டு முடியும்வரை இரவுதோறும் வாசித்தார். எந்த இடத்தில் போதை மலிந்திருந்ததோ அந்த வகை இடத்துக்கே திரும்பி, போதைக்குத் திரும்பாமல் இருந்தார். இரவை விட்டு விலகியவர்களுக்கே தியானம் கைகொடுத்தது என்ற என் வாதத்துக்கு இது வலுவான எதிர்ச்சான்று என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அவரைத் தாங்கியது எது? பிரார்த்தனை, வாசிப்பு, நாள் முழுக்க ஓயாத சாதகம், இவற்றுடன் மங் போன்ற ஓர் ஆசிரியரின் அருகாமை. இதிலிருந்து தியானத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது. அவர் 1967இல், 40 வயதில், கல்லீரல் புற்றுநோயால் இறந்தார்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். மங் அந்தக் கிளப்பில் வாசிக்க முடிந்ததே அப்போதுதான். நியூயார்க்கில் மது விற்கும் இடங்களில் வாசிக்கக் காவல் துறையின் 'கேபரே கார்டு' வேண்டும். 1940 முதல் 1967 வரை நடைமுறையில் இருந்த அந்த அட்டையை மங் 1951இல் பறிகொடுத்திருந்தார். அது திரும்பக் கிடைக்க 1957 ஆனது. போதை வழக்கில் சிக்கிய கலைஞரைத் தொழிலிலிருந்தே வெளியேற்றிய அமைப்பு அது. கலைஞரின் மனத்துக்குள் மட்டும் விளக்கடித்துப் பார்க்கும் எழுத்துகளில் இந்த அட்டை தென்படுவதில்லை.

சன்னி ரோலின்ஸின் வழி வேறு. 1955இல் கென்டக்கியின் லெக்சிங்டன் அரசு மருத்துவமனையில் ஹெராயினிலிருந்து மீண்டவர், சிகாகோவில் சிலகாலம் கூலிவேலை செய்துகொண்டு கிளப்களை ஒதுக்கி வைத்திருந்தார். 1959இலிருந்து 1961 வரை புகழின் உச்சியில் மேடையை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் தனியே சாக்சஃபோன் சாதகம் செய்தார். அறுபதுகளின் இறுதியில் மறுபடியும் விலகி, மும்பை பவாயிலுள்ள சின்மயானந்தரின் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கினார். உட்கார்ந்து தியானிப்பது தனக்குக் கைகூடவில்லை, வாசிப்பதே தன் தியானம் என்ற தெளிவு அங்கே கிடைத்ததாகப் பின்னாளில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். இரவு வாழ்க்கையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட நீண்ட விடுப்புகள்தான் அவருடைய சிகிச்சை என்று நான் கருதுகிறேன். தியானம் அந்த விடுப்புக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது.

கால்ட்ரேனின் மனைவி ஆலிஸும் விலகியவரே. கணவர் இறந்தபின் தூக்கமும் எடையும் இழந்து தவித்த அவர், சுவாமி சச்சிதானந்தரிடம் போய்ச் சேர்ந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்த, இலங்கையில் பல ஆண்டுகள் பணியாற்றிய, 1969இல் வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்த அதே சச்சிதானந்தர்தான். அவர் பெயர் தாங்கிய ஆலிஸின் இசைத்தட்டு 1971இல் வெளிவந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆலிஸ் கச்சேரி வாழ்க்கையைப் பெரும்பாலும் விட்டு, ஆசிரம வாழ்க்கைக்குப் போய்விட்டார்.

மேடையை விடாமல், தியானத்தையும் விடாமல் இருந்தவர் ஹெர்பி ஹேன்காக். அவருடைய குழுவின் பேஸ் வாசிப்பாளர் பஸ்டர் வில்லியம்ஸ் 1972இல் ஓர் இரவு சியாட்டில் கிளப் ஒன்றில் வாசித்த விதம் ஹேன்காக்கைத் திகைக்க வைத்தது. எப்படி என்று கேட்டபோது, நிச்சிரென் பௌத்த மந்திர ஜபமே காரணம் என்றார் வில்லியம்ஸ். அன்றிலிருந்து ஹேன்காக் அந்தப் பயிற்சியில் ஈடுபட்டார். ஜபப் பயிற்சியை மௌனத் தியானத்தோடு சேர்க்கலாமா என்ற கேள்வி எழலாம். நாள்தோறும் கவனத்தை ஒரே புள்ளியில் நிறுத்தும் பயிற்சி என்ற அளவில் சேர்க்கலாம். இந்தக் கதையின் மறுபக்கம் 2014இல் வெளிவந்தது. தொண்ணூறுகளில் தான் கிராக் கொக்கெய்னுக்கு அடிமையாகி, குடும்பத்தாரின் தலையீட்டால் சிகிச்சை மையத்தில் சேர்ந்து மீண்டதை ஹேன்காக் தன்வரலாற்றில் எழுதினார். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட பயிற்சி போதையைத் தடுக்கவில்லை. மீட்சியில் பயிற்சிக்குப் பங்கிருப்பதாக அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைத் தள்ளிவிட எனக்கு உரிமையில்லை. ஆனாலும் குடும்பமும் சிகிச்சையும் இல்லாமல் அவர் மீண்டிருப்பாரா என்பதும் நியாயமான கேள்வியே.

ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. சாரா போவென் குழுவினர் 2014இல் வெளியிட்ட பரிசோதனையில் 286 பேர் பங்கேற்றார்கள். அனைவரும் ஆரம்ப சிகிச்சையை ஏற்கெனவே முடித்தவர்கள். அதன்பின் விழிப்புணர்வுத் தியானத்தை உள்ளடக்கிய பயிற்சி பெற்றவர்கள், ஓராண்டு கழித்து மற்றவர்களைவிடக் குறைவான நாட்களே போதைப்பொருளைத் தொட்டிருந்தார்கள். தியானம் இங்கே சிகிச்சைக்குப் பின் வரும் துணை. கோயல் குழுவினர் சான்று போதவில்லை என்றதற்கும் இதற்கும் பெரிய முரண் இல்லை.

5. தூக்கம்: தியானத்தால் எட்டாத இடம்

கால்சா ஆய்வில் தூக்கம் மாறவில்லை என்பதை மேலே பார்த்தோம். 18 பரிசோதனைகளையும் 1,654 பங்கேற்பாளர்களையும் தொகுத்த 2019ஆம் ஆண்டின் ஆய்வொன்று சற்று நம்பிக்கை தருகிறது. பொதுவான ஆலோசனைகளைவிட விழிப்புணர்வுத் தியானம் தூக்கத்தின் தரத்தைக் கூட்டுகிறது. ஆனால் தூக்கமின்மைக்கென்றே உருவான சிகிச்சைகளோடு ஒப்பிட்டால் கூடுதல் பலன் ஏதுமில்லை. அந்தப் பரிசோதனைகளிலும் பங்கேற்றவர்கள் விடிகாலை மூன்று மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் வாத்தியக்காரர்கள் அல்லர்.

தியானம் தூக்கத்தைத் தரும் என்ற எதிர்பார்ப்பையே பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லோபி பிரிட்டன் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார். பௌத்த மரபில் தியானத்தின் இலக்கு விழிப்பு. தீவிரமாகப் பழகுவோருக்குத் தூக்கம் குறைவதும் உண்டு என்று அவர் குழுவின் 2014 கட்டுரை காட்டுகிறது. ரிஷிகேஷில் நாள்கணக்கில் தியானம் செய்த ஜான் லெனன் இரவில் தூக்கம் வராமல் தவித்ததும், அந்தத் தவிப்பிலிருந்து 'ஐயம் ஸோ டயர்ட்' என்ற பாடல் பிறந்ததும் பதிவாகியிருக்கின்றன. அவருடைய அந்நாளைய மண வாழ்க்கைக் குழப்பமும் அதற்குக் காரணமாக இருந்திருக்கும். ஆனால் தியானம் தூக்க மருந்தாக அங்கே வேலை செய்யவில்லை.

நேரக் கணக்கும் ஒத்துவராது. நம் மரபு புகழும் பிரம்ம முகூர்த்தம், இரவுக் கலைஞர் படுக்கைக்குப் போகும் நேரம். தொண்ணூறுகளில் லெனர்ட் கோஹன் ஐந்தாண்டு தங்கியிருந்த கலிபோர்னியாவின் மவுண்ட் பால்டி ஜென் மடத்திலும் விடியலுக்கு வெகுமுன்பே மணி அடித்துவிடும். 1993 கச்சேரிப் பயணத்தில் குடித்துக் களைத்துப்போன கோஹனுக்கு அந்த மணி பொருந்தியது, ஏனென்றால் அவர் அப்போது இரவில் பாடவில்லை. மகரிஷி கற்பித்த ஆழ்நிலைத் தியானம் கலைஞர்களிடையே பரவியதற்கு அதன் தத்துவத்தைவிட, காலையும் மாலையும் இருபது நிமிடம், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற வசதி பெரிய காரணம் என்று தோன்றுகிறது. மாலை இருபது நிமிடம் மேடையேறும் முன்பு உடைமாற்றும் அறையிலேயே முடிந்துவிடும். அந்த நேரத்துக்கு அது பொருத்தமான பயிற்சிதான். மேடையை விட்டு இறங்கிய பின் உடலுக்குத் தேவைப்படுவது இருட்டு, உணவு, எட்டு மணி நேரம்.

6. பொறுப்பு யாருடையது

ஸ்வீடனின் டிஜே அவிச்சி (இயற்பெயர் டிம் பெர்க்லிங்) கணையப் பாதிப்புடன் பல ஆண்டு ஊர்ஊராகச் சுற்றி, 2014இல் பித்தப்பையும் குடல்வாலும் அகற்றப்பட்டு, 2016இல் மேடையிலிருந்து விலகினார். 2017இல் வெளியான ஆவணப்படத்தில் அவர் சோர்வைச் சொல்வதையும் சுற்றியிருப்பவர்கள் அடுத்த நிகழ்ச்சியைப் பேசுவதையும் பார்க்கலாம். பிற்காலத்தில் அவர் தியானத்தில் ஆர்வத்துடன் ஈடுபட்டதை அவருடைய வாழ்க்கை வரலாறு பதிவுசெய்கிறது. 2018 ஏப்ரலில், 28 வயதில், மஸ்கட்டில் இறந்தார். ஒருவருடைய மரணத்துக்கு ஒற்றைக் காரணம் தேடுவது அறமும் ஆகாது, ஆய்வும் ஆகாது. ஆனால் அந்த ஆவணப்படத்தைப் பார்த்த பிறகு, கலைஞரின் மனவலிமை பற்றி மட்டும் பேச யாருக்கும் வாய் வராது.

இங்கே எடைபோட்ட சான்றுகளிலிருந்து என் முடிவு இது: மேடைக்கு முந்தைய மணி நேரத்தில் தியானம் உண்மையான உதவி. போதைச் சிகிச்சைக்குப் பின் அது நல்ல துணை. இரவு வேலை உடலுக்குச் செய்யும் கேட்டை அதனால் ஈடுகட்ட முடியாது. ஈடுகட்டியதாகச் சொல்லப்படும் வாழ்க்கைகளில் பெரும்பாலானவை இரவை விட்டு விலகியவர்களுடையவை. ஆய்வாளர்கள் இசைக் கல்லூரி மாணவர்களோடு நின்றுவிடாமல், கிளப்களிலும் திருமண மண்டபங்களிலும் உணவு விடுதிகளிலும் இரவுதோறும் வாசிப்பவர்களிடம் போக வேண்டும்.

கலைஞர்களுக்குத் தியான வகுப்பு நடத்த முன்வரும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் அதைத் தாராளமாக நடத்தட்டும். அதோடு, ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்த பயணம் தொடங்கும்வரை குறைந்தது எத்தனை மணி நேர ஓய்வு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். விமானிகளுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் பல நாடுகளில் அது ஏற்கெனவே சட்டமாக இருக்கிறது.